எப்பா என்று கேட்ட சொல்

சிங்களத்தில் ‘எப்பா’ என்றால் ‘வேண்டாம்’. கண்டிப் பக்கம் வளர்கிற எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் சிங்களத்தில் முதலில் தெரிகிற சொற்களில் அதுவும் ஒன்று. கடையில் எப்பா, பஸ்ஸில் எப்பா, தெருவில் லொத்தர் சீட்டு நீட்டுகிறவரிடம் எப்பா. ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறோம் என்று யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. நானும் பார்த்ததில்லை, அப்பா செத்துப்போன நாள் வரைக்கும். அதற்குப் பிறகு ஆறு வருஷம் அந்தச் சொல் என் வாயில் வரவில்லை. லொத்தர்க்காரர் நீட்டினால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவேன். அவர் என்னைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்திருப்பார். அதிலும் பெரிய பிழை இல்லை.

அப்பா ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலை ஃபக்டரியில் வேலை பார்த்தவர். பள்ளிக்கூடம் அதிகம் போகவில்லை. ஆனால் அவருடைய சிங்களம் அப்படியொரு சிங்களம். பஜாரில் நின்று பேசினால், முகத்தைப் பார்க்காதவர்கள் இவர் தமிழர் என்று சொல்லமாட்டார்கள். அதில் அவருக்குப் பெரிய பெருமை. சிங்களவர் ஒருவர் பாவம் பார்த்துத் தமிழில் பேச முயன்றாலும் விடமாட்டார், உடனே சிங்களத்துக்குத் தாவிவிடுவார். உடம்பு நன்றாக இருந்த காலத்தில் ஒரு சிங்களவரிடம் அவர் தமிழில் பதில் சொல்லி நான் கேட்டதே இல்லை. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது பிறகு விளங்கும்.

அம்மா போன பிறகு அப்பாவை அம்பிட்டியவில் என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். கூட்டிவந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தோட்டத்து லய வீட்டுக்குப் போய், ரெண்டு சட்டை, மூன்று சாரம், அம்மாவின் செபமாலை, ஒரு ரேடியோ எல்லாவற்றையும் பையில் போட்டு அவரையும் வேனில் ஏற்றினேன். நான் டீச்சர். சொல்வதைக் கேட்கிற பிள்ளைகளோடு இருபது வருஷம் இருந்தால் வயதான அப்பாவும் ஒரு பிள்ளையாகத்தான் தெரிவார்.

அவர் வாசல் பக்கம் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். வந்த மூன்றாம் நாள் கேட்டார், “எப்ப புள்ள தோட்டத்துக்குப் போறது?”

“போகலாம்ப்பா” என்றேன்.

இந்தப் ‘போகலாம்ப்பா’வை ரெண்டு வருஷம் ஓட்டினேன். அவரும் விடவில்லை. காலையில் தேத்தண்ணி கொடுத்தால் ‘எப்ப புள்ள’, பூசைக்குப் போய் வந்தால் ‘எப்ப புள்ள’. கடைசியில் முழுக் கேள்வியும் தேய்ந்து ‘எப்ப’ மட்டும்தான் மிஞ்சியது. என் வீட்டுக்காரர் கேலி செய்வார்: “மாமா, ஒங்களுக்கு எப்ப மாமான்னே பேரு வச்சிரலாம்.” அப்பா விழுந்து விழுந்து சிரிப்பார். எனக்கு மட்டும் சிரிப்பு வராது. அது கேலியில்லை, என்மேல் போடுகிற வழக்கு என்றுதான் எனக்குப் பட்டது.

பிறகு மூச்சு முட்டல் வந்தது. ஃபக்டரித் தூசியை அத்தனை வருஷம் குடித்த நெஞ்சு. கண்டி டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்திலிருந்து அந்த வார்ட்டுக்குப் பத்து நிமிஷ நடை. மத்தியானம் ஒரு மணித்தியாலம், பின்னேரம் ஒரு மணித்தியாலம் பார்க்க விடுவார்கள். ஆண்கள் வார்ட் என்பதால் மற்ற நேரத்தில் துணைக்கு நிற்க ஆண்களுக்குத்தான் அனுமதி. வீட்டுக்காரருக்கு வேலை கொழும்பில்.

அடுத்த கட்டிலில் ஒரு சிங்களப் பெரியவர் கிடந்தார், பேச்சுமூச்சில்லை. அவருக்குத் துணையாக அவருடைய தம்பி நின்றார். கடுகண்ணாவைக்காரர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கண்டி வீதியோரம் ஒரு சின்னத் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தாராம், அண்ணனுக்காக அதைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். மனைவி இல்லை. ஒரே மகள் மாத்தறையில் கலியாணம் முடித்திருந்தாள். அண்ணனுக்குச் செய்ய அதிகம் இல்லாததாலோ என்னவோ, என் அப்பாவையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். கித்துள் கருப்பட்டியைச் சின்னதாக உடைத்து வாயில் வைத்து, பிளேன்டீயைக் கரண்டியால் ஊட்டுவார். ஒரு பின்னேரம் போனபோது அப்பாவின் முகம் பளிச்சென்று இருந்தது. யார் சவரம் செய்தது என்று கேட்டேன். அந்த மனிதர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சிரித்தார்.

நன்றி சொன்னேன். ஆனால் உள்ளுக்குள் எரிச்சல்தான் வந்தது. என் அப்பாவுக்கு நான் இருக்கிறேன், இவர் யார் குறுக்கே, என்று. இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அன்றைக்கு வந்தது எரிச்சல்தான்.

அந்த வாரம் ஒன்று கவனித்தேன், கவனித்ததோடு மறந்தும்விட்டேன். நர்ஸ் மிஸ்ஸி வந்து சிங்களத்தில் ஏதோ கேட்டாள், அப்பா “தண்ணி” என்றார். அவளுக்கு விளங்கவில்லை. “அப்பா, சிங்களத்துல சொல்லுங்க” என்று அதட்டினேன். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தேடுகிற பார்வை. எதைத் தேடுகிறார் என்று நான் யோசிக்கவில்லை. ‘வத்துற’ என்று நானே மிஸ்ஸிக்குச் சொல்லிவிட்டேன்.

போகிறபோது, மருந்துப் பெட்டியின் அட்டையைக் கிழித்து அதில் என் போன் நம்பரை எழுதி அந்த மனிதரிடம் கொடுத்தேன். “ஏதாவதுன்னா ஒரு கோல் எடுங்க” என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் அதைச் சட்டைப் பையில் வைத்து, மேலே கையையும் வைத்துக்கொண்டார்.

கடைசிப் பின்னேரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீட்டிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. பள்ளிக்கூடத்தில் அதிபரோடு ஒரு தகராறு, அந்தச் சூட்டோடு வார்ட்டுக்குள் போனேன். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு “எப்ப” என்றார். நான் கையை உருவிக்கொண்டேன்.

“எப்ப பாரு தோட்டம், தோட்டம்! அங்க யாருப்பா இருக்கா ஒங்களுக்கு? அம்மாவோட குழிதான் இருக்கு!”

வார்ட்டே திரும்பிப் பார்த்தது. மணி அடிக்க இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. நான் பையை எடுத்துக்கொண்டு நடந்தேன். பின்னால் “புள்ள” என்று ஒரு சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை.

மறுநாள் மத்தியானம் நான் போகவில்லை. பரீட்சைத் தாள் திருத்த இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பின்னேரம் கஞ்சிப் போத்தலோடு போனேன். அந்த மனிதர் வார்ட் வாசலிலேயே எனக்காக நின்றார். அவர் நின்ற விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது.

ரெண்டரை மணிக்கு மேல் மூச்சு கடுமையானதாம். மிஸ்ஸிமார் ஓடிவந்து எல்லாம் செய்தார்களாம். மூன்று மணிக்கு முடிந்துவிட்டதாம். அவர் என்னைப் பெஞ்சில் உட்காரவைத்து, தானும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னார். எல்லாம் சிங்களத்தில்தான்.

“நான் அவரோட கையப் பிடிச்சுக்கிட்டிருந்தேன், மிஸ். மகளுக்குக் கோல் எடுக்கவான்னு கேட்டேன். எப்பான்னார். கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்பக் கேட்டேன். அப்பவும் எப்பா. மூணாவது தடவையும் எப்பா. வேலை நேரத்துல மகளைக் கரைச்சல் படுத்தக்கூடாதுன்னு நெனச்சிருக்கார். அப்படி ஒரு தகப்பன். நீங்க கவலைப்படாதீங்க.”

அவர் அதை எனக்கு ஆறுதலாகத்தான் கொடுத்தார். கையில் இருந்ததிலேயே நல்லதை எடுத்துக் கொடுக்கிறவரின் முகம் அது. நான் வாங்கிக்கொண்டேன். என் காதில் விழுந்தது வேறு. மகளைக் கூப்பிடவா? வேண்டாம். கூப்பிடவா? வேண்டாம். வேண்டாம்.

அப்பாவைத் தோட்டத்துக்கே கொண்டுபோய் அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்தோம். ரெண்டு வருஷமாகக் கேட்டதை அன்றைக்குத்தான் செய்தேன்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து சாப்பாட்டு நேரத்தில் அந்த மனிதரின் கதை எல்லார் வாயிலும் புரண்டது. “ஆண்டவரே அனுப்பின ஆளு அது” என்றார்கள். “முன்னப்பின்ன தெரியாத மனுசன், வேற சமயம், வேற பாஷ, கடைசி நேரத்துல கையப் பிடிச்சுக்கிட்டு இருந்திருக்காரே, அது ஆண்டவரோட கைதானே டீச்சர்” என்று கோவில் சிஸ்டர் ஒருவர் என் தோளைத் தட்டினார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். ஆண்டவரின் கையாக இருந்தால் அந்தக் கை ஏன் எனக்கு அந்தச் செய்தியைக் கொண்டுவந்தது? அப்பா என்னை வேண்டாம் என்றதை எனக்குத் தெரியப்படுத்தத்தானா ஒரு ஆளை அவ்வளவு தூரத்திலிருந்து அனுப்பினார்? சிஸ்டரிடம் இதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்பாவிடம் நான் பேசியதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆறு வருஷம். பஸ்ஸில் ஒரு சிங்களக் குழந்தை “எப்பா, எப்பா” என்று சிணுங்கினால் என் முதுகு சில்லிட்டுப்போகும். அது குழந்தையின் குரலாகக் கேட்காது. வாசல் கதிரையை எடுத்து உள்ளறையில் போட்டேன், பிறகு திரும்ப வாசலிலேயே போட்டேன். உள்ளே இருந்தால் இன்னும் மோசமாக இருந்தது. வெறும் கதிரைதான். ஆனாலும் அதைத் தாண்டிப் போகிறபோது நடை தானாக வேகமாகும். செபமாலையைக் கையில் எடுத்தால் பாதியில் நின்றுவிடும். செபம் கேட்கிறவரும் எப்பா என்று சொல்லிவிடுவாரோ என்று ஒரு பயம். சிரிப்பு வருகிறதா? எனக்கு அப்போது வரவில்லை.

சனிக்கிழமைகளில் அரசாங்க உத்தியோகத்தர்களுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். சிங்களவர்கள், தமிழ்ச் சோதனை பாஸ் பண்ணினால்தான் உத்தியோகத்தில் மேலே போகலாம். வகுப்பில் போஸ்ட் ஒஃபீஸ் ஆட்கள், பொலிஸ்காரர், ஆஸ்பத்திரி ஆட்கள் என்று எல்லாரும் இருப்பார்கள். நான் கறார். புத்தகத் தமிழ்தான் சொல்லிக்கொடுப்பேன். பேச்சுத் தமிழ் தெருவிலேயே வரும், அதற்கு டீச்சர் எதற்கு என்பது என் கொள்கை. என் வாயில் தோட்டத்துப் பேச்சு வந்துவிடக்கூடாது என்று சின்ன வயதிலிருந்தே நான் பட்ட பாடும் அதற்குள் இருக்கிறது.

அன்றைக்குக் கேள்விச் சொற்கள். போர்டில் ‘எப்பொழுது’ என்று எழுதினேன். முன்வரிசையில் எப்போதும் உட்காருகிற பெண் கையைத் தூக்கினாள். ஏதோ ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியில் வார்ட் வேலை செய்கிறவள், நாற்பது வயது, நல்ல வாய்.

“டீச்சர், இத யாரு பேசுறது?” என்று சிங்களத்தில் கேட்டாள். “எங்க வார்ட்டுல ஒரு தமிழ் ஆளும் எப்பொழுது சொல்றதில்ல. எப்ப, எப்பன்னுதான் சொல்றாங்க. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல எப்பான்னு நெனச்சுக்கிட்டேன். ஒரு ஆச்சி சாப்பாட்டத் தூக்கிட்டுப் போறப்பல்லாம் எப்ப, எப்பன்னாங்க. வேணாம்ன்றாங்கன்னு நானும் மூணு நேரம் தட்ட எடுத்துட்டுப் போயிட்டேன். பாவம், எப்ப எனக்குச் சாப்பாடு குடுப்பீங்கன்னு கேட்டிருக்காங்க! அப்புறம் ஒரு தமிழ் மிஸ்ஸிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன்.”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். நல்ல உதாரணம், எழுதிக்காட்டுவோம் என்று திரும்பி, போர்டில் ‘எப்ப’ என்று எழுதி, அதற்குக் கீழே ‘எப்பா’ என்று எழுதினேன். எழுதி முடித்தபிறகு வகுப்பின் பக்கம் என்னால் திரும்ப முடியவில்லை. போர்டைப் பார்த்தபடியே எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

மகளுக்குக் கோல் எடுக்கவா?

எப்ப?

வேண்டாம் என்று சொல்லவில்லை. எப்ப வருவாள் என்று கேட்டிருக்கிறார். மூன்று தடவை கேட்டிருக்கிறார். தண்ணீருக்கே சிங்களம் வராமல் என் முகத்தில் தேடிய மனிதர் அவர். அத்தனை வருஷம் பெருமையாக வைத்திருந்த சிங்களம் கடைசி வாரத்தில் அவரைவிட்டுப் போய்விட்டது, பிறந்த பேச்சு மட்டும்தான் மிஞ்சியது. அதை என் கண்ணாலேயே பார்த்தும் நான் அதட்டினேன். அந்த மனிதருக்கு இது எப்படித் தெரியும்? சேர்ந்த புதிதில் அப்பா அவரோடு சிங்களம்தானே பேசினார். ஆனால் எனக்கு ஏன் விளங்கவில்லை? ரெண்டு வருஷம் தினம் தினம் கேட்ட ‘எப்ப’ அல்லவா? திட்டிவிட்டு வந்தவளுக்கு ‘வேண்டாம்’ என்றுதான் கேட்கும். வேறு எப்படிக் கேட்கும்?

அன்று வீட்டுக்கு வந்து அந்தக் கதிரையில் உட்கார்ந்து அழுதேன். முதலில் சந்தோஷம் போல ஒன்று வந்தது. அப்பா என்னை வெறுக்கவில்லை. அது ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை. வேண்டாம் என்று சொன்ன அப்பாவை ஆறு வருஷமாக ஒரு மாதிரிப் பழகியிருந்தேன். இப்போது வந்த அப்பா எப்ப, எப்ப, எப்ப என்று வாசலைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார், நான் பத்து நிமிஷ தூரத்தில் தாள் திருத்துகிறேன். ஆண்டவரோடு அன்றைக்குப் பெரிய சண்டை போட்டேன். ஒரு ஆளை அனுப்பினீரே, தமிழ் தெரிந்த ஒரு ஆளை அனுப்பியிருக்கக்கூடாதா?

ரெண்டு வாரம் கழித்துக் கடுகண்ணாவைக்குப் பஸ் ஏறினேன். குற்றம் சொல்லப் போகவில்லை. அப்பா எப்படிச் சொன்னார், எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார் என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். வீதிக்காகத் துளைத்த பாறைக்குக் கொஞ்சம் மேலே கடை என்று அப்போது சொல்லியிருந்தார். இறங்கி விசாரித்ததும் காட்டிவிட்டார்கள்.

கடை முகப்புப் பலகைகளில் ஒன்றுதான் திறந்திருந்தது. உள்ளே சாரத்தோடு உட்கார்ந்திருந்தவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. பாதியாகிப் போயிருந்தார், கண் மஞ்சள். ஆனால் அவருக்கு என்னைத் தெரிந்தது.

“மிஸ்!” என்று எழும்பப் பார்த்தார், முடியவில்லை. சுவரில் புத்தர் படத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆணியில் அந்த மருந்துப் பெட்டி அட்டை குத்தியிருந்தது. என் கையெழுத்து. “உங்கப்பாவ மறக்கக்கூடாதுன்னு வச்சிருக்கேன். ஒவ்வொரு பௌர்ணமிப் போயாவுக்கும் என் அண்ணனுக்குப் புண்ணியம் அனுப்புறப்ப அவருக்கும் சேர்த்து அனுப்புறேன்.”

ஹேவாஹெட்ட மண்ணில் சிலுவைக்குக் கீழே கிடக்கிற என் அப்பாவுக்கு மாதாமாதம் பௌத்தப் பன்சலையிலிருந்து புண்ணியம் போயிருக்கிறது. நான் செபமாலையைப் பாதியில் வைத்த மாதங்களிலும் போயிருக்கிறது.

“உங்களுக்கு என்ன?” என்று கேட்டேன்.

ஈரலில் கட்டி. டொக்டர்மார் கைவிட்டாயிற்று. பக்கத்து வீட்டார் சோறு கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

“மகளுக்குத் தெரியுமா?”

அவர் சிரித்தார். வார்ட்டில் அப்பாவுக்குச் சவரம் செய்துவிட்டுச் சிரித்த அதே சிரிப்பு. “சொல்லல்ல. அவளுக்கு ரெண்டு சின்னப் பிள்ளைங்க, வேலை. இத உங்கப்பாகிட்டத்தான் படிச்சேன், மிஸ். மகள் பத்து நிமிஷத்துல வந்திருப்பா. அப்படியிருந்தும் எப்பான்னாரே. அவரால முடிஞ்சுதுன்னா என்னாலயும் முடியும்.”

நான் கேட்க வந்த கேள்வியெல்லாம் எங்கே போயிற்றோ தெரியாது. அவர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். சொன்னால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. இந்த மனிதர் ஆறு வருஷமாக விளக்கு வைத்து வணங்கிய ஒரு நல்ல சாவை நான் உடைத்துவிடுவேன். சாகக் கிடக்கிறவரிடம், நீங்கள்தான் பிழையாகக் கேட்டீர்கள், ஒரு தகப்பன் கடைசியாகக் கேட்டதை நீங்கள்தான் மகளிடம் போகாமல் நிறுத்தினீர்கள் என்று எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் அவரும் மகளில்லாமல் போவார். மாத்தறையில் ஒருத்தி, அப்பா என்னை வேண்டாம் என்றுவிட்டார் என்று வருஷக்கணக்காக நினைத்துக்கொண்டு, வெறும் கதிரையைத் தாண்டி வேகமாக நடப்பாள்.

அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. இந்தப் பலகையைத் தாண்டி இன்றைக்கு உள்ளே வந்தது யார்? தமிழும் சிங்களமும் தெரிந்த ஆள், அந்த ஒரு சொல்லின் ரெண்டு அர்த்தமும் தெரிந்த ஆள். ஏன் அப்படி ஒருவரை அனுப்பவில்லை என்று ஆண்டவரோடு சண்டை போட்டேனே. அப்பாவுக்கு அனுப்பவில்லை. இவருக்கு அனுப்பியிருக்கிறார், அதுவும் என்னை. எனக்கு அது பிடிக்கவில்லை. எழும்பிப் போய்விடலாமா என்று உண்மையாகவே நினைத்தேன்.

“மாமா,” என்றேன். அதுவரை அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. “அப்பா எப்பான்னு சொல்லல்ல.”

அவருக்கு விளங்கவில்லை. சொன்னேன். தமிழில் ‘எப்ப’ என்று ஒரு சொல் இருக்கிறது, எந்த நேரம் என்று அர்த்தம். அப்பாவுக்குக் கடைசியில் சிங்களம் மறந்துபோயிற்று. மகளைக் கூப்பிடவா என்று நீங்கள் கேட்டீர்கள், எப்ப வருவாள் என்று அவர் கேட்டார்.

அவர் வாயைத் திறந்து, சத்தமில்லாமல் ரெண்டையும் சொல்லிப் பார்த்தார். எப்ப. எப்பா. பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

“வாசலைத்தான் பார்த்துக்கிட்டிருந்தார்” என்றார். “எப்பான்றவர் ஏன் வாசலைப் பார்க்கிறார்னு நான் யோசிச்சேன், மிஸ். யோசிச்சிட்டு விட்டுட்டேன்.”

“நீங்க கோல் எடுத்திருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது” என்றேன். இது பொய்யில்லை. படிப்பிக்கிற நேரத்தில் போனை மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டிவைப்பது அப்போது என் வழக்கம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கோல்கூட அன்றைக்கு லாச்சிக்குள்தான் கிடந்தது, வார்ட்டுக்குப் போய்ச் சேரும்வரை நான் எடுத்துப் பார்க்கவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, வீட்டுக்காரரிடமும்கூட. “திட்டிட்டு வந்தவ நான். நிறுத்தினது நீங்க இல்ல, நான்தான். நீங்க கையப் பிடிச்சுக்கிட்டிருந்தீங்க.”

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. கொஞ்ச நேரத்தில், “மிஸ் போங்க” என்றார். கோபமாகச் சொன்னாரா, களைத்துப்போய்ச் சொன்னாரா, எனக்குத் தெரியவில்லை. போனேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, செய்தது சரியா என்று கண்டி வரும்வரை யோசித்தேன். சரி என்று ஒரு தடவைகூட மனம் சொல்லவில்லை.

மூன்று வாரம் ஒரு தகவலும் இல்லை. வாசலில் அந்த வெறும் கதிரையில் இப்போது அப்பாவோடு அவரும் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. அந்தக் கடைப் பலகையைத் தாண்டாமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். ஆனாலும் ஒன்று மாறியிருந்தது. வகுப்பில் போனை மேசைமேல், முகம் மேலே தெரிய வைத்திருந்தேன்.

நாலாவது சனிக்கிழமை, ரெண்டரை மணி இருக்கும், போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்தேன். ஒரு பெண் குரல், சிங்களம்.

“மிஸ், நான் கடுகண்ணாவையிலிருந்து பேசுறேன். மாத்தறையிலிருந்து வந்து ரெண்டு வாரமாச்சு. அப்பாதான் கூப்பிட்டார்.” அழுது களைத்த குரல். “இன்னைக்கு ரொம்ப ஏலாம இருக்கு. சுவத்துல இருக்கிற அட்டையக் காட்டி, இந்த நம்பருக்கு எடுன்னார். ஒரு வார்த்த சொல்லச் சொன்னார், மிஸ்ஸுக்கு விளங்கும்னார். எனக்குத்தான் விளங்கல்ல. எப்பா-வாம்.”

எப்பாவா? வராதே என்கிறாரா? அன்றைக்குச் சொன்னதற்குப் பதிலா இது? ஆறு வருஷம் சுமந்ததை யாரோ திரும்ப என் மடியில் வைக்கிறார்கள்.

“எப்பாவா, எப்பவா?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. “அப்பாகிட்டயே கேளுங்க. சரியாக் கேட்டுச் சொல்லுங்க.”

போனை அவர் வாயருகே கொண்டுபோயிருக்க வேண்டும். மூச்சு கேட்டது. இழுத்து இழுத்து வருகிற மூச்சு, நான் கேட்காமல் விட்ட மூச்சும் இப்படித்தான் இருந்திருக்கும். பிறகு அவர் சொன்னார். நீட்டாமல், கடைசி எழுத்தைக் கவனமாகக் குறுக்கி, படித்த பாடத்தை ஒப்புவிக்கிற பிள்ளை மாதிரிச் சொன்னார்.

“எப்ப?”

“இப்ப” என்றேன். “இப்ப வாரேன் மாமா. இப்பவே வாரேன்.”

தமிழிலேயே சொல்லிவிட்டேன். முன்வரிசைப் பெண் அதற்குள் எழும்பி என் பையை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தாள். “போங்க டீச்சர்” என்றாள், அதுவும் தமிழில்.

கடுகண்ணாவையில் பஸ்ஸைவிட்டு இறங்கி ஏற்றத்தில் ஓடினேன். என் வயதுக்கு அது ஓட்டம் இல்லை, ஆனாலும் ஓடினேன். கடைப் பலகைகள் எல்லாம் திறந்திருந்தன. மகள் கட்டில் பக்கத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். அவருடைய கண் வாசலில்தான் இருந்தது. நான் அந்த வாசலால் உள்ளே போனேன்.